இடது பாதத்து மை

எதிர் வீட்டு சாந்தி இன்று காலை ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அக்கா, தீப மை. கோயில்ல குடுத்தாங்க. நான் வெச்சா கொழந்தை காலை உதறிக்குது. நீங்க வந்து வெச்சு விடுங்களேன்" என்றாள். பிரித்துப் பார்த்தேன். மலைமேல் எரிந்த கார்த்திகை தீபத்தின் நெய்யும் கரியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பொட்டலத்தை மறுபடி மடித்து மேசைமேல் வைத்துவிட்டேன். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இன்று எனக்கு டியூட்டி இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கடிதம் யாருக்குப் போகும், வாங்குகிறவள் யார் என்று கேட்பாய். கேள். நல்ல பகலில் வெயில் அடிக்கிறது என்று சொன்னாலும் "யாருக்கு அடிக்குது?" என்று கேட்டவள்தானே நீ. எத்தனை தடவை உன்னைத் திட்டியிருக்கிறேன்! இப்போது அப்படிக் கேட்பதற்கு ஆள் இல்லை. வீட்டுக்காரர் மணிலாக்கொட்டை மண்டியிலிருந்து வந்தால் சாப்பிடுகிறார், ரேடியோ கேட்கிறார், தூங்குகிறார். நல்ல மனிதர். பேசத்தான் மாட்டார்.

நீ முதன்முதலில் நம் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கான ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து வந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். கன்னத்தில் சந்தனம் மாதிரி எதையோ வட்டமாகப் பூசிக்கொண்டு வந்து நின்றாய். ஏதோ மரப்பட்டையை அரைத்துப் பூசுவதாம், ரங்கூனில் எல்லாப் பெண்களும் பூசுவார்களாம். "இந்த ஊர்ல அதைப் பூசினா அம்மைக்கு வைத்தியம்னு நெனைப்பாங்க" என்றேன். அடுத்த நாளும் பூசிக்கொண்டுதான் வந்தாய். அப்போதே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது.

போர்டில் உன் நாற்காலியும் என் நாற்காலியும் ஒட்டி இருந்தன. காதில் ஹெட்செட், முன்னால் வரிசை வரிசையாகத் துளைகள், கையில் கார்டு என்கிற இணைப்புக் கம்பி. யாராவது வீட்டில் போனின் கைப்பிடியைச் சுற்றினால் நம் போர்டில் அந்த நம்பரின் சின்ன மூடி டக்கென்று விழும். கார்டைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்போம். நான் 'ப்ளீஸ்' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வேன் என்று நீ கிண்டல் செய்வாய். என் மகள் கௌரிக்கு அப்போது ஒன்றே கால் வயது. வீட்டில் அவளைத் தூங்கவைக்கும்போதும் காதுக்குப் பக்கத்தில் குனிந்து அதையே சொல்லுவேன். கெக்கலித்துச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வந்து அவளை மடியில் போட்டுக்கொள்வாய். உனக்குத்தான் அவள் அதிகம் அடங்குவாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மத்தியான வேளையில் போர்டு ஓய்ந்திருக்கும்போது நீ உன் பொங்கி மடத்துக் கதைகளை ஆரம்பிப்பாய். பொங்கி என்றால் பர்மாவில் பௌத்தத் துறவி. சின்ன வயதில் அவர்களுடைய மடத்துப் பள்ளிக்கூடத்தில்தான் நீ படித்தாய். மனசு என்று ஒரு பொருள் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை என்பாய். கண்ணில் ஓர் உருவம் பட்டால் பார்க்கிற மனசு ஒன்று எழும்பும், அது அடங்கும். காதில் சத்தம் விழுந்தால் கேட்கிற மனசு எழும்பும், அதுவும் அடங்கும். ஒன்று போய்த்தான் இன்னொன்று வரும். அது போகிற வேகத்தில் நமக்கு ஒரே ஆள் உள்ளே இருக்கிற மாதிரித் தெரிகிறது.

"அப்போ இப்ப ஒண்ணும் வரலியே, சும்மா இருக்கோமே, இப்ப மனசு எங்க போச்சு?" என்று மடக்கினேன்.

நீ ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் வைத்தாய். உள்ளே ங்ங்ங் என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. "கால் எதுவும் வரல. ஆனா போர்டு செத்துப்போவல, பார். பேட்டரி ஓடிக்கிட்டுதான் இருக்கு. அவங்க அதுக்குப் பவங்கம்னு பேரு வெச்சிருக்காங்க. ரெண்டு நெனப்புக்கு நடுவுல ஓடறது. தூக்கத்துலயும் ஓடும்."

"செத்தா?"

"செத்தாலும் லைன் அறுந்துடாதுங்கறாங்க. கடைசி நெனப்பு அடங்கறப்போ, அதையே சாக்கா வெச்சுக்கிட்டு வேற எங்கியோ மொத நெனப்பு எழும்புது. நடுவுல போறதுக்கு ஆளு இல்ல."

எனக்கு இது பிடிபடவில்லை. ஆள் போகாமல் எப்படி மறுபிறப்பு? ஆத்மா ஒன்று சட்டை மாற்றுவது மாதிரி மாறுகிறது என்று நான் வளர்ந்த வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது எளிதாக இருந்தது. உனக்கு ஏன் இவ்வளவு சுற்று வழி என்று சண்டை போட்டேன். கார்த்திகை தீபத்துக்கு நாலாம் நாள், நீ எக்ஸ்சேஞ்ச் ஜன்னல் வழியாக மலையுச்சியைக் காட்டி, "மொத நாள் சாயந்திரம் பார்த்தியே, அதே தீபமா இது?" என்று கேட்டாய். "தெனமும் நெய் ஊத்தறானே, அவனைப் போய்க் கேளு" என்றேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

பிறகு ஒருநாள் ஒரு கிராமத்து ஆள் வந்தார். நம் கவுன்ட்டரில் நின்றுகொண்டு பம்பாயிலிருக்கிற தம்பிக்கு ட்ரங்க் கால் போட்டார். லைன் சரியில்லை. அவர் கத்தியது விழுப்புரத்துக்குமேல் போகவில்லை. விழுப்புரம் ஆபரேட்டர் அவர் சொன்னதைக் கேட்டு மெட்ராசுக்குச் சொன்னாள், மெட்ராஸ் ஆபரேட்டர் பம்பாய்க்குச் சொன்னாள். "அம்மாவுக்கு முடியல, உடனே வா" என்ற நாலு வார்த்தை மூன்று வாய் மாறிப் போனது. அந்தக் கோடியில் தம்பி ஓவென்று அழுததை மெட்ராஸ்காரி நமக்குத் திருப்பிச் சொன்னாள்: "பார்ட்டி அழறாருங்க."

அவர் போனபிறகு நீ கேட்டாய். "அவன் அழுதானே, யாரு பேசினதுக்கு அழுதான்? அண்ணன் கொரல் அவன் காதுல விழவே இல்ல. விழுந்தது யாரோ ஒரு பொம்பளை கொரல். ஆனா அண்ணன் சொல்லாம அது வந்திருக்குமா? வந்தது அண்ணனும் இல்ல, அண்ணன் இல்லாமலும் இல்ல. மறுபொறப்பும் அவ்வளவுதான்."

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது? அதற்கு அப்போது தேவை இல்லை. நான் உளுந்து ஊறப் போட மறந்துவிட்டேனே என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஐப்பசி மழையில் கௌரிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு நான் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நீ வந்து, "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு ஒரு வாய் சாப்ட்டு வா. நான் இருக்கேன்" என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினாய். போனேன். குளித்தேன். முந்தின நாள் மாவில் தோசை ஊற்றி நின்றபடியே இரண்டு தின்றேன். பசி அடங்கவில்லை என்று மூன்றாவதும் ஊற்றினேன். அந்த மூன்றாவது தோசையை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்கூட. திரும்பி வந்தபோது அவள் உன் மடியில் முடிந்துபோயிருந்தாள்.

வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். நான் சுவரோரம் கிடந்தேன். அப்போதுதான் பார்த்தேன், நீ அலமாரியைத் திறந்து நான் தீப மை வைத்திருக்கிற தகர டப்பாவை எடுத்தாய். மோதிர விரலால் தொட்டு அவள் இடது பாதத்தின் நடுவில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாய். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆங்காரம் வந்ததோ! இந்த ஊரில் குழந்தை பிறந்தால் கன்னத்திலும் பாதத்திலும் மை வைப்பது கண்ணேறு படாமல் இருக்கத்தானே? "இனிமே எவ கண்ணுடி படப்போவுது என் பொண்ணு மேல!" என்று கத்தினேன். டப்பாவை மூடி எடுத்த இடத்தில் வைத்தாய்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் சொன்னாய். அது கண்ணேறுக்கு வைத்ததில்லை. பர்மாவில் யாராவது செத்தால், வேண்டியவர்கள் உடம்பில் ஓரிடத்தில் கரியைத் தடவுவார்கள். மறுபடி எங்காவது பிறந்தால் அதே இடத்தில் மச்சமாக வரும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பிக்கை. ரங்கூனில் உன் அம்மா செத்தபோது பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி உன் அம்மாவின் மணிக்கட்டில் அப்படித் தடவினாளாம். மூன்றாம் மாதம் உங்களைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். "எங்கம்மா வந்திருந்தா அங்கதான் வந்திருப்பா. என்னைத் தேடி இங்க வர அவளுக்கு யாரு டிக்கெட் குடுப்பா?" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று நான் என் துக்கத்தில் இருந்தேன். உன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"நீ இதை நம்புறியா?" என்று கேட்டேன்.

"நம்பல. பொங்கி கேட்டா திட்டுவாரு. அவரு சொன்னதுல இதெல்லாம் இல்ல. வர்றது அவளா இருக்காது. ஆனா கை போயிடுச்சு. என்ன பண்றது?"

நீ நம்பாமல் வைத்தாய். நான் நம்பிப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து இன்னொன்றையும் பிடித்துக்கொண்டேன். கடைசி நினைப்பிலிருந்துதான் அடுத்தது எழும்பும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் என் பெண்ணின் கடைசி நினைப்பு என்ன? "என்னைத் தேடினாளா?" என்று உன்னைக் கேட்டேன். வராத ஒரு போன் காலுக்கு நீ கார்டைச் செருகினாய். மறுபடி கேட்டேன். "விடு" என்றாய். அதற்குமேல் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அடுத்த வருஷம் கீழ்பென்னாத்தூரில் என் கொழுந்தன் மனைவி வசந்தாவுக்குப் பெண் பிறந்தது. கௌரி போய்ப் பத்தே மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தவளுக்கு நான்தான் பழமும் துணியும், கூடவே தீப மை ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் மாதம் பௌர்ணமிக்குக் கோயிலுக்கு வந்தவர்கள் என் வீட்டில் தங்கினார்கள். குழந்தையை வாங்கி மடியில் போட்டேன். கால் துணி விலகியது. இடது பாதத்தின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம்.

எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், என் பெண்ணுக்கு என் கையாலேயே தினமும் வைத்தவள். தெரியும். ஆனாலும் குழந்தையைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போய்ச் செம்புத் தண்ணீரால் அந்தப் பாதத்தைத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. மறுபடி தேய்த்தேன். போகவில்லை. அவ்வளவுதான், என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது. குழந்தையைக் கௌரி என்று கூப்பிட ஆரம்பித்தேன். மறுநாள் வசந்தாவிடம், "இவளை எனக்குக் குடுத்துடு. உனக்கு வேற பொறக்கும்" என்றேன். அவள் குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கொழுந்தன் ஊருக்குக் கிளம்பலாம் என்றார். வீட்டுக்காரர் "விட்டுடு, விட்டுடு" என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. நான் பக்கத்துப் பையனை அனுப்பி உன்னைக் கூப்பிட்டேன். வைத்தவள் நீ. நீயே வந்து பார்த்துச் சொல்லவேண்டும்.

வந்தாய். நான் எல்லோர் முன்னாலும் பாதத்தைக் காட்டி, "பாரு. சொல்லு இவங்களுக்கு. தண்ணியில தேச்சும் போவல" என்றேன். நீ குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு, "கொஞ்சம் தேங்காயெண்ணெய் குடுங்க" என்று கேட்டாய்.

எண்ணெயைத் தொட்டு உன் கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை தேய்த்தாய். கறுப்பு உன் விரலுக்கு வந்துவிட்டது. பாதம் வெளுப்பாக, புதுசாக இருந்தது.

"அது நான் தெனமும் வெக்கற மைங்க. அக்கா குடுத்தனுப்பிச்சாங்களே, அதுதான்" என்றாள் வசந்தா. அவளுக்கு நாம் எதைப் பார்க்கிறோம் என்றே அதுவரை தெரியாது.

நெய்யில் குழைத்த கரி தண்ணீருக்குப் போகுமா? எண்ணெய்க்குத்தான் போகும். எந்த மண்டுவுக்கும் தெரியும். அதே டப்பாவிலிருந்து நான் எடுத்துக் கட்டிக் கொடுத்த மை. அன்று என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நீ விரலை உன் புடவையில் துடைத்துக்கொண்டு, "அவ அம்மாகிட்ட குடுத்துடு" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை நான் வெறுத்தேன். உண்மையாகவே வெறுத்தேன். அவளை இரண்டாம் தடவையும் உன் கையில்தான் சாகக் கொடுத்தேன் என்று தோன்றியது.

அதன்பிறகு எட்டு மாதம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உன்னோடு பேசவில்லை. முழங்கை முழங்கையில் இடிக்கும். உன் கன்னத்து மரப்பட்டை வாசனை வரும். "வேலூர் லைன் எடு", "ட்ரங்க் கால் சீட்டு இங்க", இதற்குமேல் ஒரு சொல் கிடையாது. ஊரில் இருக்கிறவன் எல்லாம் என் காதில் பேசினான், நான் பேச ஆள் இல்லை. நீ இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தாய். நான் ஹெட்செட்டை அழுத்திக்கொண்டேன். ஒருநாள் உன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். விழுப்புரத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாயாம்.

போனாலும் லைன் விட்டதா? தினமும் விழுப்புரத்தைக் கூப்பிட்டால் நீதான் எடுத்தாய். "விழுப்புரம்" என்பாய். "திருவண்ணாமலை" என்பேன். இரண்டு வருஷம் நாம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டோம். அந்த ஒற்றை வார்த்தையில் உனக்குச் சளி பிடித்திருப்பதும், தூங்காமல் வந்திருப்பதும் எனக்குத் தெரிந்துவிடும். கேட்டதில்லை.

பிறகு ஒரு புயல் மத்தியானத்தில் மெட்ராஸ் பக்கமெல்லாம் லைன் அறுந்துகிடந்தது. கால் இல்லை. உன் லைன் மட்டும் திறந்திருந்தது. இரைச்சலுக்கு நடுவே, "இருக்கியா?" என்றாய். நான் கார்டைப் பிடுங்கவில்லை.

"நீ கேட்டியே, சொல்லிடறேன். தேடுனா. உன்னைத்தான் தேடுனா. கண்ணு ரெண்டும் கதவு பக்கமே போச்சு. எனக்கு என்ன செய்யறதுனு தெரியல. அவ காதுகிட்ட குனிஞ்சு உன்னை மாதிரியே சொன்னேன்."

"என்ன சொன்னே?"

இரைச்சலைத் தாண்டி அந்தக் கம்பியில் என் குரல் வந்தது. 'ப்ளீஸ்' என்பதில் அதே இழுப்பு. "நம்பர் ப்ளீஸ்..."

"கண்ணை என் பக்கம் திருப்புனா. ஒதடு லேசா சிரிக்கற மாதிரி வந்துச்சு. அதோட அடங்கிட்டா. அவ கடைசியா கேட்டது உன்னைத்தான். வாய்தான் என்னோடது. இதைச் சொன்னா, அப்ப நான் பக்கத்துல இல்லாம போயிட்டேனேனு நீ இன்னும் ஜாஸ்தியா அழுவியேனு சொல்லல."

நான் போர்டுமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். விழுப்புரத்தில் நீயும் அழுதது கேட்டது. சொல்லவேண்டிய இன்னொன்றையும் அப்போதே சொன்னாய். "அன்னிக்கு எண்ணெயைத் தொட்டப்போ, போவக் கூடாதுனு வேண்டிக்கிட்டேன்டி. சத்தியமா. போவாம இருந்திருந்தா நானே அவங்ககிட்ட பேசி உனக்கு வாங்கிக் குடுத்திருப்பேன். ஆனா தொடைச்சுப் பார்க்காம எப்படி? அந்தக் கொழந்தைக்கு ஒரு அம்மா இருந்தாளே, பக்கத்துலயே நின்னாளே."

உனக்கும் ஆசை இருந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஞானி மாதிரிப் பேசுகிறவள் கல் நெஞ்சுக்காரி என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

அப்புறம் ஆறேழு வருஷம் நாம் பேசாத நாள் குறைவு. கால் இல்லாத நேரமெல்லாம் நம்முடையது. பருப்பு வேகாததைப் பற்றியும் பேசினோம், பவங்கத்தைப் பற்றியும் பேசினோம். "நான் செத்தா எனக்கு மை கிய் வெச்சுக் கொழந்தைங்க காலைப் பொரட்டிக்கிட்டுத் திரியாதே" என்று ஒருதடவை சொன்னாய். "நீ மறுபடி பொறந்து யாரை உயிர் எடுக்கப்போறியோ, அவங்களை எச்சரிக்கவாவது வெப்பேன்" என்றேன். விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டோம்.

ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் என்றதும் வேறு குரல் வந்தது. "மேடம், நீங்கதான் அவங்க சிநேகிதிங்களா? ராத்திரி நெஞ்சு வலின்னாங்க..." என்று அந்தப் பெண் திக்கினாள். அவள் சொன்னதை இங்கே திருப்பி யாருக்கும் சொல்லவேண்டியதில்லை, எனக்கே வந்த செய்தி. டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆமாம், எடுத்துக்கொண்டுதான் போனேன்.

உன் தம்பி மட்டும் இருந்தார். நீ சின்னதாகத் தெரிந்தாய். வருஷக்கணக்காக ஹெட்செட் அழுத்தி உன் இடது காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தழும்பு உண்டே, அங்கே வைக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாக் குழந்தைப் பாதத்திலும் மை இருக்கிற இந்த ஊருக்குப் பாதம் சரிப்படாது என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் அல்லவா. டப்பாவைத் திறந்து மோதிர விரலால் தொட்டேன். "என்னக்கா அது?" என்றார் உன் தம்பி.

அப்போது வசந்தா குழந்தையைப் பிடுங்கி அணைத்துக்கொண்ட கை என் கண்ணில் வந்து நின்றது. எங்கோ ஒருத்தி உன்னைப் பெறப்போகிறாள், அல்லது உன்னை இல்லை, உன்னால் எழும்புகிற ஒன்றை. அவள் வாசலில் போய் நின்றுகொண்டு, இது என்னுடையது என்று நான் காதைப் புரட்ட வேண்டுமா? "ஒண்ணுமில்லப்பா" என்றேன். விரலை என் புடவையில் துடைத்துக்கொண்டேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை. எண்ணெய் போட்டால் போகும். போடவில்லை.

அதனால் உன்னைத் தேட என்னிடம் எந்த அடையாளமும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் நீ உட்கார்ந்த நாற்காலி இப்போது காலியாகக் கிடக்கிறது, போர்டில் பாதியை மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனையோ நாள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்த இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னதெல்லாம் சரி, ஆள் யாரும் இல்லைதான். இல்லாத ஆளுக்காக ஒருத்திக்கு இவ்வளவு தனியாக இருக்கிறதே, அதற்கு உன் பொங்கி என்ன சொல்வார் என்று உன்னைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இதற்குமேல் எழுதாமல் மூடி வைத்துவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். இப்போது விளக்கு வைத்தபிறகு திரும்பி வந்து முடிக்கிறேன்.

சாந்தியின் குழந்தை பாயில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. பாதத்தைப் பிடித்தால் உதறுகிறது. காதைத் திருப்பிப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். விரலில் மையைத் தொட்டுக்கொண்டு குனிந்தபோது, நான் நினைக்காமலே வாய் சொல்லிவிட்டது.

"நம்பர் ப்ளீஸ்..."

பன்னிரண்டு வருஷமாக அதை எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே நான் சொன்னதில்லை. என் குரல் மாதிரியும் இல்லை. அந்தப் புயல் மத்தியானத்தில் நீ என்னை மாதிரிச் சொன்னாயே, அந்தக் குரல். உன்னிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது.

"இன்னாக்கா, கொழந்தைகிட்ட போய் இங்கிலீஷ்ல கேக்கறீங்க!" என்று சாந்தி சிரித்தாள்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தது. இடது பாதத்தில் மையை வைத்தேன். காலை உதறவில்லை.